ஆளில்லாத ஊரில் நின்ற கம்பங்கள்

1899 ஜூலைக் கடைசியில், அலாஸ்காவின் தென்கோடியில் இருக்கும் கேப் ஃபாக்ஸ் என்ற கடலோர ஊருக்கு ஒரு கப்பல் வந்தது. எட்வர்ட் ஹாரிமன் என்ற ரயில்வே முதலாளி திரட்டிய அறிவியல் குழு அதில் இருந்தது. ஊரில் ஒருவரும் இல்லை. அங்கு வாழ்ந்த டிலிங்கிட் பழங்குடி மக்கள், பள்ளிக்கூடத்துக்காக 1894 வாக்கில் சாக்ஸ்மன் என்ற புது ஊருக்குப் போயிருந்தார்கள். வீடுகளும், அவற்றின் முன்னால் செதுக்கி நிறுத்திய உயரமான மரக் கம்பங்களும் அப்படியே இருந்தன. குழுவினர் பல கம்பங்களைக் கழற்றிக் கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

இவற்றை டிலிங்கிட் மொழியில் கூட்டீயா என்பார்கள். நாம் குலக்குறிக் கம்பம் என்று சொல்லலாம். இவை கும்பிடுவதற்கான சிலைகள் என்று பலர் நினைத்தார்கள், அது தவறு. காக்கை, கழுகு, கரடி என்று ஒவ்வொரு உருவமும் ஒரு குலத்தின் உரிமை, அதன் முன்னோர் கதை. இறந்தவர் நினைவாக நிறுத்திய கம்பங்களும் உண்டு.

அந்தக் கரையில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அத்தனை மழையில் மரம் எப்படித் தாங்குகிறது?

பதில் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. கம்பத்துக்கு எடுப்பது அந்தக் கடற்கரையில் வளரும் செஞ்சீடர் என்ற ஊசியிலை மரம். எந்தப் பெரிய மரத்திலும் வெளிப்பக்கம் வெளிறு என்ற இளமரம், உள்ளே வைரம் என்ற முதிர்ந்த மரம். நீர் ஏறுவது வெளிற்றில். அது வைரமாக மாறும்போது அங்குள்ள உயிரணுக்கள் சாகின்றன. ஆனால் சாவதற்கு முன் பூஞ்சையை எதிர்க்கும் வேதிப்பொருள்களை உருவாக்கி அங்கேயே விட்டுப்போகின்றன. செஞ்சீடரில் அவற்றுள் முக்கியமானது துஜாப்ளிசின். மரத்தை வெட்டிய பிறகும் இந்த மருந்து பல பத்தாண்டுகள் வேலை செய்கிறது.

முதிர்ந்த செஞ்சீடரில் இந்த மருந்து எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. வைரத்தின் வெளிவட்டத்தில் அதிகம், நடுத்தண்டுப் பக்கம் குறைவு. அதனால்தான் காட்டில் நிற்கும் கிழட்டுச் சீடர்கள் பல நடுவில் பொந்து விழுந்திருக்கின்றன. இப்போது செதுக்குபவரின் கையைப் பாருங்கள். முன்பக்கம் பட்டையையும் வெளிற்றையும் வாய்ச்சி என்ற செதுக்குக் கருவியால் சீவி எடுக்கிறார். பெரிய கம்பமானால், பெரும்பாலும் பின்பக்கத்தைக் குடைந்து நடுத்தண்டையே எடுத்துவிடுகிறார். மிஞ்சுவது மருந்து நிறைந்த ஓடு. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

குடைவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. எடை குறையும் என்பது தெரிந்ததே. அதைவிட முக்கியம், வெடிப்பு குறையும். மரம் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே ஆரப் போக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு உருளையாக இருந்தால் வளையம் சுருங்க இடமில்லாமல் இழுபட்டு, எங்கோ ஓரிடத்தில் நீளமாகப் பிளக்கும். அது கரடியின் முகத்தில் விழவும் கூடும். பின்பக்கம் திறந்திருந்தால் ஓடு கொஞ்சம் வளைந்துகொடுக்கும், இழுவிசை தணியும்.

வண்ணத்துக்குச் சால்மன் மீன் முட்டையைச் சீடர் பட்டையோடு மென்று துப்பி, அந்தக் குழம்பில் கரியையும் செங்காவியையும் குழைத்தார்கள். முட்டையின் எண்ணெயும் புரதமும் பசையாக நின்றன. ஆனால் மழையிலும் வெயிலிலும் முதலில் போவது வண்ணம்தான். அடுத்து, சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்க, மேற்பரப்பு சாம்பல் நிறமாகிறது. இந்தத் தேய்மானம் மிக மெதுவானது, நூறு ஆண்டானாலும் மில்லிமீட்டர் கணக்கில்தான். வாய்ச்சி விட்ட சின்னச் சின்ன அலைத்தடங்கள் மறைந்தாலும் உருவம் தெரியும்.

கம்பத்தை உண்மையில் வீழ்த்துவது மண்மட்டம். பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேலே, மழைவிட்டதும் மரம் ஓரளவு உலர்ந்துவிடும். ஆழத்தில் காற்று குறைவு. தரையை ஒட்டிய ஒரு சாண் உயரத்தில் இரண்டும் எப்போதும் கிடைக்கும். மழைநீர் துஜாப்ளிசினையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகிறது. அதைச் சிதைக்கத் தெரிந்த பூஞ்சைகளும் உண்டு. மருந்து தீர்ந்த இடத்தில் அழுகல் தொடங்கி, ஒரு புயல் நாளில் அடி முறிகிறது.

உச்சியில் வேறொரு கதை. மரநார்களின் வெட்டுவாய் அங்கே வானத்தைப் பார்த்து இருப்பதால், நீரை உறிஞ்சு குழல்களைப் போல இழுக்கிறது. பாசி படிகிறது. அந்தக் காட்டு ஹெம்லாக் மரத்தின் விதை ஒன்று வந்து விழுந்து முளைக்கிறது. அந்தக் காட்டில் விழுந்த மரத்தின் மேல் கன்று முளைப்பது அன்றாட வழக்கம். இங்கே நிற்கும் மரத்தின் மேல் முளைக்கிறது. காக்கையின் தலைக்கு மேல் ஒரு பச்சைக் கன்று, அதன் வேர் விரிசல் வழியாகக் கம்பத்துக்குள் இறங்கி, தடித்து, மெல்ல மெல்ல இரண்டாகப் பிளக்கிறது. மக்கள் வாழும் ஊரில் யாராவது பிடுங்கிப் போட்டிருப்பார்கள்.

ஆனால் விழுந்த கம்பத்தைத் தூக்கி நிறுத்துவது முன்னாளில் வழக்கமில்லை. மறுபடி நிறுத்துவதென்றால் புதுக் கம்பத்துக்கு வேண்டிய அதே விருந்தும் சடங்கும் வேண்டும். அதற்குப் புதிதாகவே செதுக்கலாம். 1938-லிருந்து அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் டிலிங்கிட் செதுக்குநர்களும், ஹைடா என்ற இன்னொரு பழங்குடியின் செதுக்குநர்களும் ஆளற்ற ஊர்களின் கம்பங்களைச் சாக்ஸ்மன் போன்ற இடங்களுக்குக் கொண்டுவந்து சீர்செய்தார்கள், நகலும் செதுக்கினார்கள். அப்படி நகல் எடுத்ததில் இளையவர்கள் கைவேலையைக் கற்றார்கள் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். அலாஸ்காவின் கெட்சிகன் நகரில் 1976-இல் திறந்த காப்பகத்தில், டாங்காஸ் தீவு, வில்லேஜ் தீவு, பழைய கசான் ஆகிய ஊர்களின் 33 கம்பங்கள் கூரைக்கடியில், பழுதுபார்க்காமல், அதே சாம்பல் நிறத்தோடு கிடக்கின்றன.

ஹாரிமன் குழு ஏற்றிச்சென்றவற்றில் பல நூறாண்டுக்கு மேல் அருங்காட்சியகங்களில் இருந்தன. நனையவில்லை, அழுகவில்லை. ஆனால் அவற்றின் கதைக்கு உரியவர்கள் நாட்டின் மறுகோடியில் இருந்தார்கள். 2001-இல் ஹார்வர்டின் பீபாடி, சிகாகோவின் ஃபீல்ட் உள்ளிட்ட அருங்காட்சியகங்கள் அவற்றைத் திருப்பித் தந்தன. கேப் ஃபாக்ஸ் வழிவந்தவர்கள் பதிலுக்கு ஹார்வர்டுக்கு ஒரு செஞ்சீடர் மரத்தைக் கொடுத்தார்கள். அதில் நேதன் ஜாக்சன் என்ற டிலிங்கிட் செதுக்குநர், காட்ஸ் என்ற மனிதன் கரடியை மணந்த கதையைச் செதுக்கினார்.