விடிவதற்குள் கால் தொட்டி காலி

"தம்பி, மேல்தொட்டி விரிசல் விட்டிருக்கு. கொத்தனாருக்கும் சொல்லி அனுப்பிட்டேன். நீயும் வந்து ஒரு பார்வை பாத்துடேன்." அரசலாற்றங்கரைப் பக்கம் தனியாக இருக்கும் ஒரு பெரியம்மாவிடமிருந்து போன். ராத்திரி 10 மணிக்கு 500 லிட்டர் தொட்டியை நிரப்பிவிட்டுப் படுத்தால், விடிவதற்குள் கால்வாசி இறங்கிவிடுகிறதாம். மாடி ஏறிப் பார்த்தேன். தொட்டியைச் சுற்றித் தரை காய்ந்து கிடக்கிறது. சுவரில் ஈரமில்லை, எந்தக் குழாயும் சொட்டவில்லை.

கும்பகோணத்தைச் சுற்றி இருபது வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிறேன். தண்ணீர் குறைகிறது, ஆனால் எங்கேயும் ஈரமில்லை என்றால் நான் நேரே போவது கழிவறைக்குத்தான். ஃபிளஷ் டேங்கில் ஒழுகும் தண்ணீர் தரைக்கு வராது. கோப்பைக்குள் இறங்கி, அப்படியே செப்டிக் டேங்குக்குப் போய்விடும். யார் கண்ணிலும் படாது.

அன்றும் அதுதான். காதை டேங்க் மேல் வைத்தால் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். டேங்க் மூடியைத் திறந்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். டேங்குக்குத் தண்ணீர் விடும், சுவரோரம் இருக்கும் திருகு குழாயை, அதாவது ஆங்கிள் காக்கை, இறுக மூடினேன். "காபி குடிச்சிட்டு வந்து பாப்போம் பெரியம்மா" என்றேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே இருந்தது. ஏறக்குறைய 3 லிட்டர். அந்தக் கணக்குக்கு ஒரு நாளைக்கு 432 லிட்டர். பெரியம்மா மேல்தொட்டி விரிசலையும் கொத்தனாரையும் ஒரே மூச்சில் மறந்துவிட்டார்.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். காக்கை மூடியும் மட்டம் இறங்கினால் கோளாறு டேங்கின் அடியில், அதாவது ஃபிளஷ் வால்வின் வாஷரில். காக்கை மூடினால் மட்டம் அப்படியே நிற்கிறது, திறந்துவிட்டால் நடுவில் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் தண்ணீர் வழிகிறது என்றால் கோளாறு, டேங்க் நிரம்பியதும் தண்ணீர் வரத்தை நிறுத்தும் மிதவை வால்வில். கசிவு ரொம்பச் சிறியதாக இருந்து சந்தேகம் தீரவில்லையா? வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தை டேங்கில் நாலு சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ணக் கூடாது. கோப்பைத் தண்ணீர் நீலமானால் வாஷர் விட்டுவிட்டது.

மிதவைக் கோளாறு பெரும்பாலும் சின்ன வேலைதான். மிதவையைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஒரு அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி வைத்தால் போதும். அப்படியும் நிற்காவிட்டால் வால்வுக்குள் மண் சிக்கியிருக்கும், அல்லது வால்வே தேய்ந்திருக்கும்.

வாஷர் விஷயம் வேறு. நம் பக்கத்து போர் தண்ணீரில், கடற்கரையை நெருங்க நெருங்க, உப்பு கூடுதல். வேதாரண்யம் பக்கம் போனால் டேங்கின் உள்சுவரே வெள்ளை பூத்துக் கிடக்கும். அந்தப் படிவு வாஷர் உட்காரும் விளிம்பில் மணல் மாதிரி ஏறிக்கொள்கிறது. ரப்பர் நன்றாக இருந்தும் சரியாக உட்காராது. காக்கை மூடி, டேங்கைக் காலி செய்து, வால்வைக் கால் சுற்றுத் திருப்பினால் பல மாடல்களில் கையோடு வந்துவிடும். விளிம்பைப் புளித் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பித்தளைக் குடத்துக்குப் போடும் அதே புளிதான். வாஷர் நசுங்கியிருந்தாலோ, தொட்டால் கையில் கறுப்பு ஒட்டினாலோ மாற்றிவிடுங்கள். பழைய வாஷரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், வாயால் அளவு சொன்னால் வேறொன்றைக் கொடுத்துவிடுவார்கள். பெரியம்மா வீட்டில் நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

டேங்குக்குள் போடும் நீல மாத்திரையை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். குளோரின் கலந்த மாத்திரைகள் ரப்பரைச் சீக்கிரமே கெடுத்துவிடும். கோப்பையைச் சுற்றி ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கமும் அப்படித்தான், அடியில் பூசிய சிமெண்டை அரித்துவிடும். ஃபிளஷ் பண்ணும்போது மட்டும் கோப்பையின் அடியில் தண்ணீர் வந்தால் அது கழிவுத் தண்ணீர். வெள்ளை சிமெண்டை மேலே அப்பி மறைக்காதீர்கள். கோப்பையைக் கழற்றி அடி இணைப்பை மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

"முப்பதடியில தண்ணி கிடக்கு, ஒழுகினா ஒழுகட்டும்" என்று சொல்கிறவர்கள் இங்கே நிறைய. தண்ணீருக்கு வேண்டுமானால் நமக்குப் பஞ்சமில்லாமல் இருக்கலாம். அது போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் கிணற்று மட்டம் மேலேறுகிறது. ஐப்பசி அடைமழையில் களிமண் ஊறிப்போய், செப்டிக் டேங்கை அடுத்த உறிஞ்சிக்குழி ஒரு குடம் தண்ணீரைக்கூடக் குடிக்காது. அந்த நேரத்தில் தினமும் நூற்றுக்கணக்கான லிட்டர் கூடுதலாக உள்ளே இறங்கினால் கோப்பையில் தண்ணீர் ஏறி நிற்கும், கொல்லையில் நாற்றம் எழும். லாரியை வைத்து உறிஞ்சி எடுத்தாலும் ஒழுகும் வாஷர் இருக்கும்வரை சீக்கிரமே மறுபடி நிரம்பும். வாஷரைப் பார்க்காமல் லாரிக்கே இரண்டு முறை பணம் கொடுத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

அதனால் ஆவணியிலேயே பென்சில் கோட்டைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஐப்பசியில் கூப்பிட்டால் நான் வந்து சேரவே நாலு நாள் ஆகும்.