டயொக்சின்: இரத்தத்தைச் சோதிக்கும் முன்

"உடம்பில் டயொக்சின் ஏறியிருக்கிறதா என்று இரத்தத்தைச் சோதித்துச் சொல்லுங்கள், டொக்டர்." மட்டக்களப்பில் குப்பை எரியும் இடங்களுக்கு அருகில் குடியிருப்பவர்கள் என்னிடம் கேட்பது இது. டயொக்சின் என்பது குப்பை எரியும்போது உருவாகக்கூடிய நஞ்சு. நியாயமான கேள்விதான். ஆனால் சீனி வருத்தத்துக்கு விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்ப்பதுபோல இதைப் பார்த்துவிட முடியாது.

டயொக்சினை அளக்கும் அலகு பிகோகிராம். ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இந்த நஞ்சு கொழுப்பில்தான் தங்கும். ஆகவே இரத்தக் கொழுப்பின் ஒரு கிராமுக்கு எத்தனை பிகோகிராம் என்றே முடிவை எழுதுவார்கள்.

அடுத்தது நச்சுத்தன்மை. டயொக்சினை ஒத்த பியூரான்களையும் சேர்த்தால் இந்தக் குடும்பத்தில் 210 சேர்மங்கள் உண்டு. அவற்றில் 17 மட்டுமே பெரிதும் கவலைக்குரியவை. எல்லாவற்றிலும் கொடிய டிசிடிடி என்ற டயொக்சினுக்கு 1 என்று மதிப்பிட்டு, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டு உலக சுகாதார நிறுவனம் காரணிகளை வகுத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டுப் பட்டியலில் எட்டுக் குளோரின் கொண்ட டயொக்சினுக்கு 0.0003தான். ஒரு மாதிரியில் அது 1000 பிகோகிராமும் டிசிடிடி 1 பிகோகிராமும் இருந்தால், ஒவ்வொன்றையும் அதன் காரணியால் பெருக்கிக் கூட்டி வரும் நச்சுச் சமவலு 0.3 + 1 = 1.3 பிகோகிராம். நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருப்பதே நஞ்சில் பெரும்பங்கு. மொத்த நிறையை மட்டும் சொல்லிப் பயமுறுத்தும் செய்திகளை நான் பொருட்படுத்துவதில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் வகுத்த எல்லை, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 2 பிகோகிராம் சமவலு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 120. நம் உடலுக்குள் போகும் டயொக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாகவே வருகிறது: புல்லில் படிந்து, மாட்டுக்குப் போய், பால் கொழுப்பில் சேர்ந்து, நாம் விரும்பி உண்ணும் தயிர்ச் சட்டிக்கும் வரலாம்.

பழைய மின்கம்பிகளை எரித்துச் செம்பு எடுத்து விற்கும் இளைஞர் ஒருவர் இருமலோடு வந்தார். கம்பியின் பிவிசி பிளாஸ்டிக் உறையில் குளோரின் இருக்கிறது. செம்போ டயொக்சின் உருவாவதைத் தூண்டும். எரிப்பதற்கு அதைவிட மோசமான பொருளைக் காண்பது அரிது. ஆனாலும் அவருடைய இருமலுக்குக் காரணம் புகையிலுள்ள நுண்துகளும் ஐதரசன் குளோரைட்டும். டிசிடிடி உடலில் பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். இரத்த முடிவு பல ஆண்டுச் சேர்க்கையைக் காட்டுமே தவிர, நேற்றைய புகையைத் தனியே பிரித்துக் காட்டாது.

"தம்பி, எரிக்கிற இடத்தில் கோழி மேய்கிறதா?" என்று கேட்டேன். மேய்கிறது என்றார். சாம்பல் மண்ணைக் கிளறித் தின்னும் ஊர்க்கோழியின் முட்டை மஞ்சட்கருவில் டயொக்சின் சேரும். அந்த முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், கம்பியைக் கத்தியால் உரித்தே செம்பை எடுங்கள் என்றேன்.

தாய்ப்பாலிலும் டயொக்சின் இருக்கிறதே என்று தாய்மார் கலங்குகிறார்கள். உண்மைதான், அதில் அளக்கவும் முடியும். பால் கொடுப்பதை அதற்காக நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலின் நன்மையே மேலோங்கி நிற்கிறது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நிறுத்த வேண்டியது வளவில் பொலித்தீன் எரிப்பதை.