ஜாடியின் வயதை நம்பி கோலிக்குண்டு வாங்காதீர்கள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பழைய கண்ணாடிப் பொருள்களை மதிப்பிட்டு விலை சொல்வது என் தொழில். பெரியவர்கள் காலமான பிறகு, வீட்டுச் சாமான்களை ஏலத்துக்கு அனுப்பும் முன் குடும்பத்தார் கூப்பிடுவார்கள். வெயில் மாதங்களில் சனி, ஞாயிறு முழுக்க ஃப்ளீ மார்க்கெட் என்கிற பழம்பொருள் சந்தைகளில்தான் இருப்பேன். அங்கே ஆசையோடு வந்து ஏமாந்து போகிறவர்களை அதிகம் பார்ப்பது கோலிக்குண்டு மேஜைகளில்தான்.

போன கோடையில் ஒரு நாள். மடக்கு மேஜை மேல் நீலம் பாய்ந்த பழைய ஜாடி, துத்தநாக மூடி, உள்ளே கழுத்து வரை கோலி. ஜாடியின் வயிற்றில் 'மேசன்ஸ் பேடன்ட், நவம்பர் 30, 1858' என்று எழுத்துகள் புடைத்திருந்தன. "கொள்ளுத்தாத்தா மூடி வைத்தது, யாரும் திறக்கவே இல்லை" என்றார் விற்றவர். ஓர் இளம் தம்பதி பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பேரம் நடக்கும்போது குறுக்கே பேசுவது சந்தையில் முறையில்லை என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் மனதை உறுத்துகிறது. அன்றைக்கு அவர்களிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

1858 என்பது ஜான் மேசன் தன் ஜாடிக்குக் காப்புரிமை வாங்கிய ஆண்டு. அந்தத் தேதியைப் பொறித்த ஜாடிகள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வார்க்கப்பட்டன. சரி, ஜாடி நிஜமாகவே பழசு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பதும் பழசாக வேண்டும் என்று ஏதாவது கட்டாயமா? அந்த ஜாடியின் அடியில் கிடந்ததில் பாதி பூனைக்கண் கோலி. தெளிந்த கண்ணாடிக்குள் வாழைப்பழச் சீவல் போல ஒரு நிறப்பட்டை நிற்குமே, அதுதான். இந்த வகை ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து குவிந்தது 1950 வாக்கில். கொள்ளுத்தாத்தா மூடிய ஜாடிக்குள் அது எப்படி நுழைந்திருக்கும்? கண்ணில் படும்படி முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி இரண்டே இரண்டு நல்ல பழைய கோலிகள் இருந்தன. தம்பதியின் கண்ணுக்குப் பட்டது அந்த இரண்டுதான்.

கோலியின் வயதைக் கோலியிடமே கேட்கலாம். ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் லவுஷா என்று ஒரு கண்ணாடி ஊர். 1840-களின் பிற்பகுதியில் அங்கே இலியாஸ் கிரைனர் என்பவர் ஒரு கத்தரியை உருவாக்கினார். அதன் ஒரு முனையில் சின்னக் கிண்ணம் போல ஒரு குழி. நிறக் கம்பிகள் ஓடும் சூடான கண்ணாடித் தண்டின் நுனியை அந்தக் குழிக்குள் உருட்டித் திருகி வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் தொப்புள் போல ஒரு சொரசொரப்பான தழும்பு நிற்கும். பெரும்பாலும் இரண்டு துருவத்திலும் இருக்கும். உள்ளே உள்ள நிற நூல்கள் ஒரு தழும்பில் தொடங்கி முறுக்கிக்கொண்டே போய் மறு தழும்பில் முடியும். நான் ஒரு கோலியைக் கையில் எடுத்ததும் நிறத்தைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அந்தத் தழும்பைத் தேடுவேன்.

தழும்பு இல்லையென்றால் அநேகமாக இயந்திரத்தில் உருண்டது. அதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டாம். ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905-ல் கோலி உருட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பட்டறையில் உருக்கிய கண்ணாடியைக் கம்பியில் எடுத்து இயந்திரத்துக்குள் விட்டது மனிதக் கைதான். அதனால் அந்தக் கோலிகள் சிலவற்றின் ஒரு துருவத்தில் '9' என்ற எண் போல வெள்ளைச் சுழி ஒன்று தெரியும். முதல் உலகப் போரில் ஜெர்மன் சரக்கு நின்றதும் அமெரிக்கப் பட்டறைகளுக்கு வழி திறந்தது. ஆக்ரோ அகேட் நிறுவனத்தின் திருகாணிச் சுழல் கோலிகளும், ஒஹாயோவின் கேம்பிரிட்ஜில் சில ஆண்டுகளே இயங்கிய கிறிஸ்டென்சன் அகேட் நிறுவனத்தின் பளீர் நிறக் கோலிகளும் இன்று பல ஜெர்மன் கோலிகளை விட அதிக விலை போகின்றன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தழும்பு இருப்பதெல்லாம் பழசு ஆகிவிடாது. இன்றும் அருமையாகக் கையால் கோலி செய்யும் கலைஞர்கள் உண்டு. அடியில் தங்கள் கையெழுத்தையோ முத்திரையையோ பொறிப்பார்கள். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு 'நூறு வருடப் பழசு' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். மண்ணில் ஆடிய கோலியில் அடிபட்ட இடமெல்லாம் குட்டிப் பிறைகள் இருக்கும், ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கீறல்கள் ஒரே திசையில் வரிசையாக ஓடும்.

எண்ணெய் தடவிய கோலி, தண்ணீரில் மூழ்கிய கோலி இரண்டிலும் கவனம் வேண்டும். ஈரம் கீறலை மறைத்துவிடும். பருத்தித் துணி ஒன்றைக் கையோடு வைத்துக்கொண்டு, கேட்டுவிட்டுத் துடைத்துப் பாருங்கள். பச்சை கலந்த, உள்ளே எதுவுமே இல்லாத வெறும் கண்ணாடி உருண்டைகளும் 'ஆண்டிக்' என்று வரும். அவற்றில் பல சோடா பாட்டிலில் இருந்து எடுத்தவை. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற அதே பாட்டில்தான் நம் ஊர் கோலி சோடா. பழசாக இருக்கலாம், ஆனால் சேகரிப்பவர்கள் அதற்குப் பெரிய விலை தருவதில்லை.

விற்கப்போகும் குடும்பங்களுக்கும் ஒரு விஷயம். சில வருடம் முன்பு ஓர் அம்மா ஒற்றைக் கோலியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். வெங்காயத்தோல் என்று நாங்கள் சொல்லும் வகை; சிவப்பும் நீலமும் மெல்லிய படலமாகப் பரவி, இடையிடையே மைகாத் துகள் வெள்ளியாக மின்னியது. எலுமிச்சை அளவு. மருமகன் அன்போடு மெஷினில் கொடுத்து மெருகேற்றியிருந்தார். முகம் பார்க்கும் கண்ணாடி போல் பளபளத்தது. ஆனால் இரண்டு தழும்பும் வழித்து எடுத்தாற்போல் போயிருந்தன. அப்படியே விட்டிருந்தால் கிடைத்திருக்கும் விலையில் பாதி கூட வராது என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்தது. "அவனிடம் சொல்லாதீர்கள்" என்றார் அந்த அம்மா. அதை அவர் விற்கவும் இல்லை.

அழுக்காக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். கொதிநீர் வேண்டவே வேண்டாம், பழைய கண்ணாடி விரிசல் விட்டுவிடும். முட்டை அட்டையில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒன்றோடொன்று மோதும் ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பிறை விழும்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு டார்ச்சும் ஒரு பழைய துண்டும் கொண்டுபோங்கள். மாசசூசெட்ஸின் பிரிம்ஃபீல்ட் போன்ற பெரிய சந்தைகளில் நல்ல சரக்கு விடிவதற்குள் கை மாறிவிடும். ஆனால் எவ்வளவு அவசரமானாலும் ஜாடியை அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள். துண்டை விரித்து, "கொட்டிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலான வியாபாரிகள் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள், சிலர் தாங்களே கொட்டி ஒவ்வொன்றாக விளக்கவும் செய்வார்கள். கொட்டக் கூடாது என்கிறவரிடம் நான் இதுவரை எதுவும் வாங்கியதில்லை.