தட்டணுவும் அதன் கிளர்வும்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் நெல்லைச் சீமையில் காய்ச்சல் கண்ட வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். 2012இல் கடையநல்லூர் வட்டாரத்தை டெங்கு உலுக்கிய பிறகு இந்தச் சொல் வயல்வெளி வரை போய்விட்டது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு.

இரத்தம் உறைய உதவும் நுண்துணுக்கு இது. பிளேட்லெட் என்றால் சிறிய தட்டு. 1882இல் இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்சோசெரோ தம் மொழியில் 'சிறுதட்டு' என்றே இதற்குப் பெயர் வைத்தார். த்ரோம்போசைட் என்ற மாற்றுப்பெயர் கிரேக்க வழியில் வந்தது. த்ரோம்போஸ் என்பது உறைகட்டி. தமிழில் பாடநூல்கள் இரத்தத் தட்டுகள் என்கின்றன. குருதிச் சிறுதட்டு என்பாரும் உண்டு. நான் தட்டணு என்பதையே ஏற்கிறேன். சிவப்பணு, வெள்ளையணு வரிசையில் அது இயல்பாகச் சேர்கிறது. எலும்பு மச்சையிலுள்ள பேரணு ஒன்றின் துணுக்கு இது. உட்கரு கிடையாது, முழு உயிரணுவும் அன்று. ஆனால் அணு என்றால் நுண்துகள் என்பது பழம்பொருளாதலால் பெயரில் பிழையில்லை.

சிக்கல், காயம் பட்டதும் தட்டணு செயலில் இறங்குவதைக் குறிக்கும் 'ஆக்டிவேஷன்' என்பதில்தான். முடுக்கம் என்று எழுதுகிறார்கள். பள்ளி இயற்பியலில் அது வேகம் கூடும் வீதம். செயலூக்கம் தவறன்று, ஆனால் நடப்பதைக் காட்டவில்லை. கிளர்வு காட்டுகிறது. கிளர்தல் என்றால் மேலெழுதல்.

இரத்தக்குழாய் கிழிந்து குழாய்ச்சுவரின் நார்ப்புரதமான கொலாஜன் வெளிப்பட்டதும், உறைவைத் தூண்டும் திராம்பின் என்ற நொதி உருவானதும் தட்டணு தட்டாக இருப்பதில்லை. உருண்டு முட்கள் நீட்டுகிறது. உள்ளே ஆல்ஃபா துகள்கள் என்னும் சிறு பைகளின் சவ்வில் கிடந்த பி-செலக்டின் என்ற புரதம், அச்சவ்வு வெளிச்சவ்வோடு இணைவதால் மேற்பரப்புக்கு வந்து வெள்ளையணுக்களைப் பற்றிக்கொள்கிறது. ஆய்வகங்களில் இதன் அடையாளப் பெயர் சிடி62பி. கிளர்ந்த தட்டணுவை ஒளிரும் எதிர்ப்பொருள் கொண்டு இனங்காண்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான். இன்னொரு புரதம், ஒட்டிக்கொள்ள உதவும் இண்டெக்ரின் வகையைச் சேர்ந்த ஜிபி 2பி/3ஏ. ஒரு தட்டணுவில் ஏறக்குறைய 80,000 இருக்கும். இது வேறிடத்திலிருந்து வரவேண்டியதில்லை, ஏற்கெனவே மேற்பரப்பில் மடங்கிக் கிடப்பது. கிளர்ந்ததும் மடித்து வைத்த பத்தமடைப் பாயை விரித்தாற்போல் நிமிர்ந்து, இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற உறைபுரதத்தைப் பிடிக்கிறது. அந்தப் பிடியால்தான் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பு உண்டாகிறது. எல்லாமே மேலேறுவதில்லை: காயத்தின் சுவரை முதலில் பற்ற உதவிய ஜிபி 1பி என்ற புரதம், கிளர்வுக்குப் பின் மேற்பரப்பில் குறைகிறது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறுவோருக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. கிளான்ஸ்மன் நோய் என்றொரு பிறவிக் குறை, 1918இல் விவரிக்கப்பட்டது. தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஜிபி 2பி/3ஏ இல்லாததாலோ வேலை செய்யாததாலோ இரத்தம் நிற்காது. டெங்குவிலோ, மிஞ்சியிருக்கும் தட்டணுக்களில் பல ஏற்கெனவே கிளர்ந்து பி-செலக்டினை வெளிக்காட்டியபடி சுற்றுகின்றன.