கார் ஷெட்டின் மேல் சோலார்: மானியம் எங்கே சிக்கிக்கொள்கிறது?

எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், மொட்டை மாடியில் துணி உலர்த்தவும் வடகம் காயவைக்கவும் இடம் வேண்டும் என்பதால், வீட்டு முன்புறம் கார் நிறுத்தும் ஷெட்டின் மேல் ஆறு சோலார் பேனல்களைப் பொருத்தினார். வேலை இரண்டே நாளில் முடிந்தது. மானியத்துக்காக மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு ஐந்து முறை நடந்தார். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரை வரச் சொல்லுங்கள் என்று ஐந்தாவது முறை பதில் வந்தது. இணைப்பு அவருடைய கணவர் பெயரில் இருந்தது. அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பணம் வாங்கிய ஒப்பந்ததாரரோ, ஒப்பந்தத்துக்கு முன் பெயர் விவரத்தைக் கேட்ட அலுவலரோ, இது தடையாக வரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைப் போல இன்னொருவர் அலையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திட்டத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பிரதமரின் சூரிய வீடு: இலவச மின்சாரத் திட்டம்’ 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது, பி.எம். சூர்யகர் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து ரூ.75,021 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள், 2026-27 நிதியாண்டு வரை நடைமுறையில் இருக்கும். பேனல் திறனில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000, ஆக மொத்தம் ரூ.78,000 மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் ஒரு ரூபாய்கூட ஏறாது. பெயரில் இருக்கும் ‘இலவசம்’ என்ற சொல்லைப் பார்த்துப் பலரும் அரசு மின்சாரத்தை இலவசமாகத் தரும் என்று நினைக்கிறார்கள். உங்கள் பேனல் உற்பத்தி செய்யும் மின்சாரத்துக்கு நீங்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பதுதான் அதன் பொருள்.

கார் ஷெட்டுக்கு மானியம் கிடையாது, மொட்டை மாடிக்கு மட்டும்தான் என்று சில அலுவலகங்களில் சொல்லி அனுப்புகிறார்கள். இது தவறு. திட்டத்தின் செயல்பாட்டு வழிகாட்டுதல்கள் கூரை, மொட்டை மாடி, பால்கனி ஆகியவற்றோடு உயர்த்தி அமைக்கப்பட்ட சட்டகங்களின் மேல் நிறுவப்படும் பேனல்களையும் ஏற்கின்றன. அந்த பேனல் உங்கள் வீட்டு மின் இணைப்போடு சேர்க்கப்பட்டு, மின்வாரியத்தின் கம்பியோடு இணைந்து இயங்க வேண்டும், அவ்வளவே. ஆகவே யாராவது வாய்மொழியாக மறுத்தால், அந்த மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, எழுதித் தரச் சொன்ன பிறகு அந்த மறுப்பு நிலைத்ததில்லை.

இனி, உண்மையான கண்ணிகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்போம். முதலாவதும் மிகப் பெரியதும் பெயர். மின் இணைப்பில் இருக்கும் பெயரும், விண்ணப்பதாரரின் பெயரும், மானியம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் பாதி இணைப்புகள் தாத்தா பெயரிலோ, வீட்டை விற்றுவிட்டுப் போனவர் பெயரிலோ இன்றும் இருக்கின்றன. கட்டணம் செலுத்துவதற்கு அது தடையாக இல்லாததால் யாரும் கண்டுகொள்வதில்லை. முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் இருப்பது, ஆதாரில் ஒருவிதமாகவும் மின்கட்டண ரசீதில் வேறுவிதமாகவும் எழுத்துக்கூட்டியிருப்பது போன்ற சின்ன வேறுபாடுகளே கோப்பை நிறுத்திவிடும். எனவே ஒப்பந்ததாரரிடம் விலை கேட்பதற்கு முன்பே ரசீதையும் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இணைப்பு இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கொண்டு முதலில் பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். வாரிசுச் சான்றை இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டும். அதற்கே வாரங்கள் ஆகும் என்பதால் இதைத்தான் முதல் வேலையாகத் தொடங்க வேண்டும்.

அடுத்தது மீட்டர். மேல்தளத்துக்கு ஒன்று, கீழ்த்தளத்துக்கு ஒன்று என இரண்டு மீட்டர் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். பேனல் எந்த மின் இணைப்பு எண்ணில் பதிவாகிறதோ அந்த மீட்டரின் கட்டணம்தான் குறையும். பயன்பாடு அதிகமுள்ள இணைப்பைச் சொல்லி விண்ணப்பிக்காமல், ஒப்பந்ததாரர் கையில் கிடைத்த ரசீதை வைத்துப் பதிவுசெய்துவிட்டதால், யாரும் குடியில்லாத மாடியின் மீட்டரில் யூனிட்டுகள் சேர்ந்துகொண்டிருக்க, கீழே வழக்கம்போல முழுக் கட்டணம் செலுத்தும் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். வீட்டு முன்னறையைக் கடையாக மாற்றி, அதே இணைப்பு வணிகக் கட்டணத்துக்கு மாறியிருந்தால் அந்த எண்ணுக்கு மானியம் வராது. வீட்டுப் பயன்பாட்டுக் கட்டண விகிதத்தில் இருக்கும் இணைப்புக்கு மட்டுமே இத்திட்டம். முன்பு வேறு ஏதாவது அரசுத் திட்டத்தில் சோலாருக்கு மானியம் வாங்கிய குடும்பமும் மறுபடி பெற முடியாது.

மூன்றாவது கண்ணி, உதவி செய்வதுபோல வரும். “நீங்கள் எதற்கு அலைகிறீர்கள், நாங்களே பதிவு செய்துகொள்கிறோம்” என்று சொல்லி, இத்திட்டத்தின் தேசிய இணையதளத்தில் தங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துப் பதிவு செய்துவிடும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் (ஓ.டி.பி.) அவர்களுக்கே போகும். உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. வங்கி விவரத்தில் பிழை என்று இணையதளம் செய்தி அனுப்பியிருந்தாலும் உங்களுக்கு எட்டாது. பதிவை உங்கள் எண்ணிலேயே செய்யுங்கள். முடியாதவர்கள் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்த இணையதளத்தில் பதிவு செய்யக் கட்டணம் எதுவும் இல்லை. மானியம் உங்கள் கணக்குக்கு நேரடியாக வருவது, ஒப்பந்ததாரருக்குப் போவதன்று. வெற்றுக் காசோலையோ கையெழுத்திட்ட வெற்றுத்தாளோ கேட்டால் கொடுக்காதீர்கள். இணையதளம் கேட்பது ரத்து செய்யப்பட்ட காசோலையின் படம் மட்டுமே.

ஒப்பந்ததாரர் இத்திட்டத்தில் பதிவு பெற்றவரா என்பதை அதே இணையதளத்தின் பட்டியலில் பாருங்கள். அவர் நீட்டும் சான்றிதழை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இரண்டும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சந்தையில் இதை டி.சி.ஆர். பேனல் என்கிறார்கள். டி.சி.ஆர். அல்லாத பேனல் விலை குறைவு என்பதால் ஆசை காட்டுவார்கள், மானியம் போய்விடும். விலைப்பட்டியலில் ‘டி.சி.ஆர்.’ என்ற சொல்லும், பின்னர் ரசீதில் ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். பேனலின் திறன், அது தரும் மின்சாரத்தை வீட்டுப் பயன்பாட்டுக்கு மாற்றித்தரும் இன்வெர்ட்டரின் திறன் ஆகிய இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம் கணக்கிடப்படுகிறது என்பதைப் பலரும் சொல்வதில்லை. மேலே 3.24 கிலோவாட் பேனலைப் பொருத்திவிட்டு கீழே இரண்டு கிலோவாட் இன்வெர்ட்டரை மாட்டினால், உங்களுக்கு வருவது ரூ.78,000 அன்று, ரூ.60,000. ஐந்து ஆண்டுகளுக்குப் பராமரிப்பது ஒப்பந்ததாரரின் கடமை. அதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

எத்தனை கிலோவாட் தேவை என்பதை விற்பவர் வாயால் கேட்காதீர்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும்; இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 240 யூனிட். இரு மாதக் கணக்கில் 300 யூனிட் செலவழிக்கும் வீட்டில், முதல் 100 யூனிட்டை ஏற்கெனவே இலவசமாகப் பெறுகிறவர்கள், முழு மானியம் கிடைக்கிறது என்பதற்காக மூன்று கிலோவாட் போட்டுக் கடன்படுவதில் பொருளில்லை. கடைசி ஆறு ரசீதுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கார் ஷெட்டுக்கே உரிய செலவு ஒன்று உண்டு. மானியம் கிலோவாட்டுக்குத்தான், இரும்புக்கு அன்று. தூண், உத்தரம், அடித்தளக் கான்கிரீட் ஆகியவற்றின் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். இதைப் பேச்சில் “கொஞ்சம் கூடும்” என்று மழுப்பிவிட்டு, பேனல் இறங்கிய பிறகு தனி ரசீது நீட்டுவார்கள். மூன்று கிலோவாட் வரை பொதுத்துறை வங்கிகள் அடமானமின்றி, ரெப்போ விகிதத்துக்கு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) மேல் அரை சதவீத வட்டியில் கடன் தருகின்றன. வங்கி பார்ப்பது விலைப்பட்டியலைத்தான் என்பதால், இரும்புச் சட்டகத்தையும் அதே பட்டியலில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய ஏழரை அடி நீளம், நான்கடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், சுமார் 28 கிலோ எடை. ஆறு பேனல்கள் ஒரு கார் ஷெட்டை அப்படியே மூடிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட பழைய ஷெட்டின் மேல் இதை ஏற்ற யாராவது முன்வந்தால் அவரைத் திருப்பி அனுப்புங்கள். எடையைக் காட்டிலும் காற்றுதான் ஆபத்து: நான்கு பக்கமும் திறந்த ஷெட்டில் காற்று அடியில் புகுந்து பேனலை மேலே தூக்கும். இந்தியத் தர ஆவணமான ஐ.எஸ். 875 சென்னைக்குக் குறிக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016இல் வர்தாவையும் 2018இல் கஜாவையும் கண்ட நாம் தூணைத் தரையில் போல்ட் போட்டு நிறுத்தும் வேலையை ஏற்கக் கூடாது. அடித்தளம் தோண்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பேனல்களுக்கு இடையே உள்ள இடுக்கில் மழை ஒழுகும் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

நிழலை நீங்களே சோதிக்கலாம். ஷெட் தாழ்வானது, உங்கள் வீடே அதன் மேல் நிழல் போடும். வீட்டுக்கு வடக்கே ஷெட் இருந்தால் மார்கழி, தை மாதங்களில் நடுப்பகலிலும் நிழல் விழும். ஒரு பேனலில் விழும் தென்னங்கீற்றின் நிழல், அதனோடு தொடராக இணைந்த மற்ற பேனல்களின் உற்பத்தியையும் இழுத்துவிடும். காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று மணிக்கு நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரிசை மாறக் கூடாது. இணையதளத்தில் விண்ணப்பம், ஒப்புதல், பிறகு பொருத்துதல், அதன் பிறகு மின்வாரிய ஆய்வும் இருவழி மீட்டரும். மீட்டர் வருவதற்கு முன் “ஓடவிட்டுப் பார்ப்போம்” என்று சுவிட்சைப் போடச் சொல்வார்கள், விடாதீர்கள். சாதாரண மீட்டர்கள் பலவற்றுக்கு நீங்கள் அனுப்பும் மின்சாரத்துக்கும் வாங்கும் மின்சாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. அனுப்பியதையும் வாங்கியதாகவே கூட்டிவிடும். பேனல் போட்ட முதல் ரசீதே இரட்டிப்பாக வந்த வீடுகள் உண்டு. மின்தடையின்போது இந்த இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்தடைக்கும் வெளிச்சம் வேண்டுமானால் பேட்டரி தனியே வேண்டும், அதற்கு மானியம் இல்லை.

அலைக்கழிப்பு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நடக்கிறது. “சாத்தியக்கூறு ஆய்வு (உங்கள் பேனலை மின்வாரியக் கம்பி தாங்குமா என்று பார்ப்பது) நிலுவையில் இருக்கிறது” என்பது ஒன்று, “மீட்டர் இருப்பில் இல்லை” என்பது மற்றொன்று. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பம் முழுமையாக இருந்தால் அந்த ஆய்வே இல்லாமல் ஏற்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டும். அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்த வேண்டியிருந்தால் அதையும் மின்வாரியமே செய்ய வேண்டும். நிறுவல் சான்றிதழ் கொடுத்த 15 நாட்களுக்குள் மின்வாரியத்தோடான ஒப்பந்தம், மீட்டர், இயக்கிவைத்தல் மூன்றும் முடிய வேண்டும். இந்த இரண்டு வரிகளையும் தேதியோடு மனுவில் எழுதுங்கள். உதவிப் பொறியாளரிடம் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால், ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அதன் பிறகு சென்னையிலுள்ள மின்குறை தீர்ப்பாளருக்கும் போகலாம். இரண்டுக்கும் வழக்கறிஞர் தேவையில்லை, முத்திரையிட்ட அந்த நகல் போதும்.

ஆசிரியையின் கோப்பு பெயர் மாற்றத்தோடு மறுபடி தொடங்கியது. வாரிசுச் சான்றுக்கு வெளியூரில் இருக்கும் மகனின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. பேனல் ஏறிய பதினோராம் மாதம் அவர் கணக்கில் ரூ.78,000 வரவானது.