‘சீல்’ என்பதற்குத் தமிழில் மேல்முழுதாக்கல்

சுற்றுலாவுக்கு 49 பேர் கிளம்புகிறார்கள், ஒரு வேனில் 12 பேர் அமரலாம் என்று வைத்துக்கொள்வோம். 49ஐ 12ஆல் வகுத்தால் 4.08 வரும். பள்ளியில் கற்ற வழக்கப்படி அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோனால் விடை 4. ஆனால் நான்கு வேன்களிலும் ஆட்கள் ஏறி முடித்த பிறகு ஒருவர் தெருவில் நின்றுகொண்டிருப்பார். இங்கே பின்னம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அடுத்த முழு எண்ணுக்கு ஏறியே ஆக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் செயற்கூறுக்குத்தான், அதாவது எண்ணை வாங்கி விடையைத் தரும் நிரல்துண்டுக்குத்தான், சி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் முதலிய நிரல்மொழிகளில் ‘சீல்’ என்று பெயர். (கடைக்கு வைக்கிற ‘சீல்’ வேறு.)

இது ‘சீலிங்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அச்சொல் தொடக்கத்தில் அறைக்கு மரப்பலகை பதிப்பதைக் குறித்து, பிறகு தலைக்கு மேலுள்ள உட்கூரைக்கு உரியதாயிற்று. அதைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர் கனடாவில் பிறந்த கணினியியலாளர் கென்னத் ஐவர்சன். 1808இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ் எண்ணின் முழுப்பகுதியைக் குறிக்கச் சதுர அடைப்பைப் பயன்படுத்தியிருந்தார். ஐவர்சன் 1962இல் அவ்வடைப்பின் அடிக்கோட்டை நீக்கி ⌈ ⌉ என்றும், மேற்கோட்டை நீக்கி ⌊ ⌋ என்றும் இரண்டு குறிகளை அமைத்து, முன்னதற்கு உட்கூரை என்றும் பின்னதற்குத் தரை என்றும் பொருள்படப் பெயரிட்டார். குறியைப் பார்த்தாலே எது மேலே போகிறது, எது கீழே இறங்குகிறது என்று தெரிந்துவிடும்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ‘கூரைச் சார்பு’ என்று எழுதுவோர் உண்டு. உவமை புரிந்தவருக்கு அது போதும், புரியாதவருக்கு ஒன்றுமே சொல்லாது. ‘நில உச்சவரம்பு’ என்னும் வழக்கைப் பார்த்து ‘உச்சவரம்பு’ என்று போடுவதோ தவறான மொழிபெயர்ப்பு, ஏனெனில் உச்சவரம்பு என்பது தாண்டக் கூடாத எல்லை. இச்செயற்கூறு எதையும் தடுப்பதில்லை, எண்ணை ஏற்றிவிடுகிறது. கணிதப் பாடநூல் வழக்கான ‘மீச்சிறு முழு எண் சார்பு’ துல்லியமானது: தரப்பட்ட எண்ணுக்குக் குறையாத முழு எண்களுள் மிகச் சிறியதை அது தருகிறது. ஆயினும் மேலே ஏற்றும் வேலைக்கு ‘மீச்சிறு’ என்று பெயர் வைத்தால் புதிதாகப் படிப்பவர் ஒரு கணம் திகைத்துத்தான் போவார். எனவே நிரலாக்கத்துக்கு ‘மேல்முழுதாக்கல்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன்; அதன் இணையாகக் ‘கீழ்முழுதாக்கல்’ தானே அமைந்துவிடுகிறது. கடைக்காரர் சில்லறையைத் தள்ளிவிட்டு வாங்குவது இந்த இரண்டாவது வகை.

பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு ரூபாய் பத்துப் பைசாவைப் பைசாவாக்க 1.1ஐ 100ஆல் பெருக்கினால், கணினி தசம எண்களை இரும வடிவில் தோராயமாக வைத்திருப்பதால், 110.00000000000001 என்று வரும். அதை மேல்முழுதாக்கினால் 111 ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் ஒரு பைசாவைக் கூட்டிவிடுகிறது. பணக் கணக்கைத் தொடக்கத்திலிருந்தே பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொள்வது இதற்காகத்தான். விடையின் வகையும் மொழிக்கு மொழி மாறும்: பைத்தான் 3 முழு எண்ணையே தரும், சி மொழியோ மதிப்பில் முழு எண்ணாயினும் வகையில் மிதவைப் புள்ளி எண்ணை, அதாவது பின்னப் பகுதிக்கும் இடம் வைத்த எண்ணைத் தரும்.

‘மேல்’ என்பது எண்கோட்டில் கூடும் திசையைக் குறிக்கிறதே தவிர, சுழியிலிருந்து விலகிச் செல்வதை அன்று. ஆகவே −2.3ஐ மேல்முழுதாக்கினால் −2 கிடைக்கும். எக்செலில் உள்ள ‘ரவுண்ட்அப்’ அதே எண்ணை −3 ஆக்கும். பெயரில் ‘அப்’ இருந்தாலும் அது சுழியை விட்டு விலகும் முழுதாக்கல் என்பதால், அதற்கு மேல்முழுதாக்கல் என்னும் பெயர் பொருந்தாது.