டிராவல்: மலை சைக்கிளின் அமுங்குவீச்சு

மலை சைக்கிளின் விவரத்தாளில் 'டிராவல் 100 மி.மீ.' என்று ஒரு வரி இருக்கும். ஸ்பிரிங் முழுக்க விரிந்திருக்கும் நிலையிலிருந்து முழுக்க அமுங்கிய நிலை வரை சக்கரம் நகரக்கூடிய தூரம்தான் இந்த டிராவல். முன்சக்கரத்துக்கு ஓர் அளவு, பின்சக்கரத்துக்கு ஓர் அளவு. பின்னால் ஷாக் இல்லாத ஹார்ட்டெயில் வண்டிக்கு முன்னளவு மட்டும்.

தானியங்கி மொழிபெயர்ப்புகள் இதைப் 'பயணம்' ஆக்கிவிடுகின்றன. 'ஷார்ட் டிராவல் கிராவிட்டி பைக்' என்பது 'குறுகிய பயண ஈர்ப்பு பைக்' என்று வந்து நிற்கிறது. படிப்பவர் அதைப் பக்கத்து ஊருக்குப் போய்வரும் வண்டி என்றே எடுத்துக்கொள்வார். உண்மையில் அது இறக்கப் பந்தய வண்டி. பழைய ஒன்றை வாங்கி ஏலகிரி, ஜவ்வாது பக்கம் காடுமேட்டில் ஓட்டலாமா என்று யோசிப்பவர்கள் இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். தவறாகப் புரிந்தால் பணம் போவதோடு ஃபிரேமும் உடையும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் உழைப்பு, பாடு என்ற பொருளில் இருந்தது. அதற்கும் பின்னால் போனால் இலத்தீனில் 'திரிபாலியும்': மூன்று கழிகளால் ஆன வதைக்கருவி. வதை பாடாகி, பாடுபட்டு ஊர் கடப்பது பயணமானது. பிறகு இயந்திரத் தொழிலில் ஓர் உறுப்பு ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்குப் போகும் தூரத்தையும் அதே சொல்லால் குறித்தார்கள். சைக்கிளுக்கு வந்தது இந்தத் தொழிற்பொருள். 1989இல் ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 என்ற முன்சக்கர ஃபோர்க் வந்தபோது அது அமுங்கிய தூரம் இரண்டு அங்குலம்கூட இல்லை. இன்று டவுன்ஹில் பந்தய வண்டிகளில் 200 மி.மீ. வரை இருக்கிறது.

தமிழில் இதற்குச் சொல் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஃபோர்க்கைக் கையால் அழுத்திப் பார்க்கும் யாரும் 'எவ்ளோ அமுங்குது?' என்றுதான் கேட்பார்கள். 'அமுங்கு' என்ற வினை கையிலேயே இருக்கிறது. எவ்வளவு தூரம் என்பதற்கு 'வீச்சு'. பள்ளிக் கணக்கில் புள்ளியியல் பாடத்தில் பெரிய மதிப்பிலிருந்து சிறிய மதிப்பைக் கழித்தால் வருவது வீச்சு. இங்கேயும் அதே கழித்தல்தான். இரண்டையும் சேர்த்தால் அமுங்குவீச்சு. ஷார்ட் டிராவல் குறுவீச்சு, லாங் டிராவல் நெடுவீச்சு. 'இடப்பெயர்ச்சி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஒரு கணத்தில் சக்கரம் எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு அது பொருந்தும். உச்ச அளவுக்குப் பொருந்தாது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு சொல் 'ஸ்ட்ரோக்'. பின்ஷாக்கின் தண்டு உள்ளே போகும் தூரம் அது. தமிழில் தண்டோட்டம் எனலாம். தண்டோட்டம் 50 மி.மீ., பின்சக்கர அமுங்குவீச்சு 100 மி.மீ. என்றால் நெம்பு விகிதம் சராசரியாக 2. தண்டு ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் சக்கரம் இரண்டு மில்லிமீட்டர் ஏறும். இந்த வேறுபாடு தெரியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

'கிராவிட்டி' இலத்தீனில் 'கனமான' என்ற சொல்லிலிருந்து வந்தது. சைக்கிளில் அது ஒரு பந்தயக் குடும்பத்தின் பெயர்: மிதிப்பதைவிட இறங்குவதே முதன்மையான போட்டிகள். 1976இல் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் தொடங்கிய ரீபேக் இறக்கப் பந்தயத்துக்கு அந்தப் பெயர் வந்ததே பிரேக்கால்தான். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக் சூடேறி ஹப்புக்குள் இருந்த கிரீஸ் எரிந்துபோகும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதிதாக அடைக்க வேண்டும்; அதுதான் ரீபேக். இந்தக் குடும்பத்தில் டவுன்ஹில் நெடுவீச்சு. ஃபோர்கிராஸ், சரிவில் தாவி வித்தை காட்டும் ஸ்லோப்ஸ்டைல் இரண்டும் குறுவீச்சு. ஃபோர்கிராஸ் என்பது நான்கு பேர் ஒரே நேரத்தில் குறுகிய தடத்தில் பாயும் போட்டி. 2002இல் உலகச் சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தது. ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முழுக்க எழுந்து நின்றே ஓட்டுவார்கள். இவற்றை 'இறக்க வண்டி' என்பது போதும். 'ஈர்ப்பு வண்டி' என்றால் தமிழில் எதுவும் விளங்காது.

'கிராஸ் கன்ட்ரி'யை 'நாடு கடந்த' என்று எழுதுவது பெரும்பிழை. அங்கே கன்ட்ரி என்பது தேசம் அல்ல, ஊருக்கு வெளியே கிடக்கும் நிலம். நமக்குக் 'காடு மேடெல்லாம் சுத்துறது' என்ற வழக்கு இருக்கிறது. காடுமேட்டு ஓட்டம் என்றால் பொருளும் ஓசையும் பொருந்துகின்றன. 'டிரெயில்' என்பதற்குத் தடம், கொடித்தடம், ஒத்தையடிப்பாதை. (ஃபோர்க் கோணக் கணக்கிலும் டிரெயில் என்று ஓர் அளவு உண்டு. அது வேறு.)

ஆக, குறுவீச்சு இறக்க வண்டியைக் காடுமேட்டுக்கு ஓட்டலாமா? ஓட்டலாம். ஆனால் வீச்சு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பல காடுமேட்டுப் பந்தய வண்டிகளுக்கும் 100 மி.மீ.தான், ஃபோர்கிராஸ் வண்டிக்கும் 100 மி.மீ.தான். வேறுபாடு மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது: தாழ்ந்த சீட், கனமான டயர், நெருக்கமான கியர், இறுக்கமான ஸ்பிரிங், தாழ்ந்த பாட்டம் பிராக்கெட் (மிதி அச்சு சுழலும் இடம்). இவற்றில் மாற்றக்கூடியவற்றைத்தான் மாற்ற வேண்டும். பலர் முதலில் செய்வது நேர் எதிர்: 100 மி.மீ. ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு 130, 140 போடுகிறார்கள். ஃபோர்க் 20 மி.மீ. நீண்டால் ஃபிரேமின் கோணங்கள் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னே சாயும். சீட் குழாயும் சேர்ந்து சாய்வதால் ஏற்றத்தில் உடல் பின்சக்கரத்தின் மேல் போய் முன்சக்கரம் தூக்கும். ஃபோர்க் பொருந்தும் தலைக்குழாய் மூட்டில் நெம்பு விசை கூடும். தயாரிப்பாளர் சொன்ன நீளத்தைத் தாண்டினால் விரிசல் விழுவது அங்கேதான். வீச்சைத் தொடாதீர்கள்.

சீட்டிலிருந்து தொடங்க வேண்டும். கால் உள்நீளத்தை (கவட்டிலிருந்து தரை வரை) 0.883ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையான உயரம் கிடைக்கும். உள்நீளம் 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. இறக்க வண்டியின் சீட் குழாய் 38 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டின் தடிமனுக்கு 5 போனால் சீட்டைத் தாங்கும் போஸ்ட் வெளியே 27.6 செ.மீ. நிற்க வேண்டும். உள்ளே குறைந்தது 10 செ.மீ. இருக்க வேண்டும். மொத்தம் 37.6. வண்டியோடு வரும் 350 மி.மீ. போஸ்ட் இதற்குப் போதாது; 400 மி.மீ. வேண்டும். இருப்பதையே இழுத்து உயர்த்தி, அதிலுள்ள எச்சரிக்கைக் கோடு வெளியே தெரியும்படி நிறுத்தி ஓட்டினால் சீட் குழாயின் மேல்மூட்டு பிளக்கும். சில ஃபிரேம்களில் சீட் குழாய் வளைந்திருக்கும், அல்லது ஷாக் பிவட் நடுவில் குறுக்கே வரும்; நீள போஸ்ட் முழுதாக உள்ளே இறங்காது. வாங்கும் முன் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் 68 டிகிரி சாய்ந்திருந்தால் 10 செ.மீ. உயர்த்துவதற்குள் சீட் 3.7 செ.மீ. பின்னே போய்விடும். அதனால் பின்வளைவு இல்லாத நேர் போஸ்ட் போட்டு, சீட்டை அதன் அடியில் உள்ள கம்பிகளில் முன்னே தள்ள வேண்டும்.

அடுத்தது கியர். ஃபோர்கிராஸ் வண்டியில் முன்னே 36 பல், பின்னே பெரியது 25 பல் என்ற அமைப்பு சகஜம். 26 × 2.25 டயரின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். மிகத் தாழ்ந்த கியரிலும் ஒரு மிதி சுற்றுக்கு வண்டி 2.98 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 10.7 கி.மீ. ஆளும் வண்டியும் 85 கிலோ, ஏற்றம் 10 சதவீதம் என்றால், உயரம் ஏற மட்டுமே ஏறக்குறைய 250 வாட் வேண்டும். பழகியவருக்கே அது நெடுநேரம் தாங்காது. முன்னே 32, பின்னே 46 ஆக்கினால் ஒரு சுற்றுக்கு 1.44 மீட்டர், அதே மிதி வேகத்தில் 120 வாட். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கியவை. தார்ச்சாலைதான் என்றாலும் இடைவிடாத ஏற்றம். ஒவ்வொரு பெயரையும் நிதானமாகப் படித்தபடி ஏற இந்தத் தாழ்ந்த கியர் வேண்டும்.

பின்கேசட்டை (பின்சக்கரப் பல் தொகுதியை) மட்டும் மாற்றினால் போதாது. 46க்கும் 11க்கும் உள்ள வித்தியாசம் 35 பல். இறக்க வண்டியில் செயினைப் பல் மாற்றி நகர்த்தும் குட்டைக் கூண்டு டீரெய்லரால் அவ்வளவு செயினைச் சுருட்ட முடியாது. நீளக் கூண்டு வேண்டும். செயின் கழலாமல் பிடிக்கும் செயின் கைடைக் கழற்றினால் முன்னே தடித்த பல்லும் மெலிந்த பல்லும் மாறி மாறி வரும் செயின்வீல் போட வேண்டும். இல்லாவிட்டால் சரளையில் செயின் கழலும். செயின் நீளம் பார்க்கும்போது பின்ஷாக்கின் காற்றை முழுக்க இறக்கி, சக்கரத்தை எல்லை வரை அமுக்கி, பெரிய பல்லில் செயினை மாட்டிப் பாருங்கள். பல ஃபிரேம்களில் சக்கரம் அமுங்கும்போது பாட்டம் பிராக்கெட்டுக்கும் பின்ஹப்புக்கும் இடையேயான தூரம் கூடும். விரிந்த நிலையில் சரியாகத் தெரிந்த செயின், பள்ளத்தில் விழுந்ததும் டீரெய்லரைக் கொக்கியோடு பிய்த்துவிடும்.

இப்போது, அமுங்குவீச்சையும் தண்டோட்டத்தையும் குழப்பிச் செய்யும் அந்தத் தவறு. ஏறி உட்கார்ந்ததும் உடல் எடையால் வண்டி கொஞ்சம் அமுங்கும். 'சேக்' என்பார்கள், அமர்வு எனலாம். இறக்கப் பந்தயத்துக்குக் குறுவீச்சு வண்டியில் அமுங்குவீச்சில் 10 முதல் 15 சதவீதம் வைத்திருப்பார்கள். காடுமேட்டுக்கு முன்னே 20, பின்னே 25 சதவீதம் நல்லது. முன்ஃபோர்க் கால்களில் உள்ள ரப்பர் வளையத்தை அடிவரை இறக்குங்கள். குலுக்காமல் ஏறி, ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, குலுக்காமல் இறங்குங்கள். வளையம் 20 மி.மீ. ஏறியிருந்தால் சரி. பின்னால் அளப்பது ஷாக் தண்டில். அங்கே 100 மி.மீ.க்கு 25 சதவீதம் என்று 25 மி.மீ. வைத்தால் கெட்டது. தண்டோட்டமே 50 என்பதால் அது பாதி. வைக்க வேண்டியது 12.5 மி.மீ. பாதி அமர்வில் ஓடும் வண்டி ஏற்கனவே தாழ்ந்த பாட்டம் பிராக்கெட்டை இன்னும் தாழ்த்தும். பாறையில் பெடல் இடிக்கும், சிறு பள்ளத்திலும் ஷாக் அடிதட்டும். அமர்வு சரியாக இருந்தும் பெடல் இடித்தால் பெடலைத் தாங்கும் 170 மி.மீ. கிராங்க்குப் பதில் 165 போடலாம்.

டயரில் இந்தப் பக்கத்துக்கே உரிய எதிரி முள். சீமைக்கருவேலமும் நெருஞ்சியும் இல்லாத ஏரிக்கரை வேலூரைச் சுற்றி அரிது. இரட்டை அடுக்கு இறக்க டயர் ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் போகும். கழற்றிவிட்டு 26 × 2.25 ஒற்றை அடுக்கு, டியூப் இல்லாமல், சக்கரத்துக்கு 80 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்). 70 கிலோ ஆளுக்குக் காற்றழுத்தம் முன்னே 24, பின்னே 27 பிஎஸ்ஐ. சித்திரை வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காயும். மாதம் ஒருமுறை வால்வைத் திறந்து பார்த்து ஊற்றுங்கள். முள்ளைப் பிடுங்கினால் அந்த ஓட்டையைக் கீழே வரும்படி சுழற்றி நிறுத்துங்கள். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் 559 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். சாதாரண சைக்கிளுக்கு வரும் 26 × 1⅜ டயரும் 26தான், ஆனால் அதன் எண் 590; இந்த ரிம்மில் நிற்காது.

இந்த வண்டி எங்கே பொருந்தும்? பாறைக் கரடுகள், ஓடை குறுக்கிடும் சரளை வண்டிப்பாதை, குட்டையான செங்குத்து. அங்கே பின்சக்கரத்தைப் பிடிக்கும் குட்டையான பின்முக்கோணமும் இறுக்கமான ஃபிரேமும் சுகம். பாலாற்று மணலும் ஐம்பது, அறுபது கி.மீ. சமவெளியும் அதற்கு ஒவ்வாது. ஜவ்வாது மலையிலும் அமிர்திப் பக்கமும் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் கொடித்தடங்களில் இறங்கக் கூடாது. பொதுச்சாலைகளே போதிய ஏற்றம் தரும்.

பழைய வண்டி பார்க்கும்போது விற்பவரிடம் 'டிராவல் எவ்வளவு?' என்று மட்டும் கேட்காதீர்கள். ஷாக்கின் உடலில் 190 × 50 அல்லது 200 × 57 போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ஒரு முனைக் கண்ணின் (மாட்டும் துளையின்) நடுவிலிருந்து மறு முனைக் கண்ணின் நடு வரையான நீளம், இரண்டாவது தண்டோட்டம். அவற்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபிரேமின் பெயரையும் ஆண்டையும் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன ஷாக் அளவோடு ஒப்பிடுங்கள். நீளம் கூடிய ஷாக் மாட்டியிருந்தால் பாட்டம் பிராக்கெட் உயர்ந்திருக்கும். தண்டோட்டம் கூடியிருந்தால் முழுக்க அமுங்கும்போது பின்டயர் சீட் குழாயில் உரசும். குழாயின் பின்பக்கம் பெயின்ட் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.